காப்பியும் மலைப்பூண்டும்

"காப்பி" என்ற சொல்லுக்குத் தமிழ் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, காலையில் எழுந்ததும் கிடைக்காவிட்டால் குடும்பத்தில் கலகம் விளைவிப்பது. மற்றொன்று, பரீட்சைக் காலத்தில் கிடைத்துவிட்டால் கலாசாலையில் கலகம் விளைவிப்பது. முதல் காப்பி கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் அமோகமாய் விளைகிறது. மேல்மலைக் குளிரில் அந்தச் செடி பிழைப்பது கஷ்டம். இரண்டாவது காப்பிக்கோ சீதோஷ்ணத்தைப் பற்றிய கவலையே கிடையாது. அது கவுஞ்சி வரையில் ஏறி வந்துவிட்டது.

கவுஞ்சி எங்கேயிருக்கிறது என்று கேட்கும் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பி விடுகிறவர்கள் அந்த ஊரைப் பார்த்திருக்க முடியாது. பூம்பாறை வழியாக மன்னவனூரையும் கடந்து போக வேண்டும். மலைச் சரிவெல்லாம் படிக்கட்டுப் படிக்கட்டாக வயல்கள். அவற்றில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ். அந்த ஊர்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு மலையிறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கிப் போன ஒரு பிள்ளையின் விஷயத்தைத்தான் இங்கே பிரஸ்தாபிக்கப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த உபாத்தியாயர் ஒருவர் சமவெளியில் ஒரு தொழிற்கல்லூரியில் விவசாயப் பாடம் நடத்துகிறார். கடைசி வருஷத்து மாணவர்கள் ஆளுக்கொரு திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. கவுஞ்சிப் பையன் எடுத்துக்கொண்ட தலைப்பு "எங்கள் ஊரில் பூண்டு சாகுபடி". அறிக்கை 62 பக்கம். அட்டையில் தங்க எழுத்து. உபாத்தியாயர் புரட்டிக் கொண்டே போனார். பதினான்காவது பக்கத்தில், கவுஞ்சியின் கரிசல் மண்ணைப் பற்றியும் அவ்வூரின் கால்வாய்ப் பாசனத்தைப் பற்றியும் விஸ்தாரமான வர்ணனை இருந்தது! ஏதோ ஒரு வறண்ட ஜில்லாவைப் பற்றி யாரோ எழுதியதை ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் சாம்பு வேண்டியதில்லை.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வயிற்றைக் கலக்கியது. விதிப்படி பூஜ்யம் போட்டால் பையனுக்கு ஒரு வருஷம் நஷ்டம். தகப்பனார் படிப்புக்காகக் கடன் வாங்கியிருப்பது அவருக்குத் தெரியும். பார்த்தும் பாராதது போல் விட்டுவிட்டால் தாமே பொய்க் கையெழுத்துப் போட்டவராகிறார். பையனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, உங்கள் ஊரில் கரிசல் மண் எந்தப் பக்கம் இருக்கிறது?"

"இல்லைங்க, ஐயா."

"கால்வாய்?"

பதில் இல்லை.

"போகட்டும். விதைப் பூண்டை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?"

இந்தக் கேள்வியைக் கேட்டதுதான் தாமதம், பையன் அரைமணி நேரம் பேசினான். பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாய்க் கட்டி அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவது, அதிலிருந்து விதைப் பற்களைப் பொறுக்குவது, பனி கொட்டும் மாதங்களில் படும் பாடு, வடுகபட்டிச் சந்தையில் வியாபாரிகள் விலையை அடித்துப் பேசுவது - ஒன்று விடவில்லை.

"இதையெல்லாம் ஏனப்பா எழுதவில்லை?"

"இதெல்லாம் எழுதலாம்னு யாரும் சொல்லலைங்க, ஐயா."

அந்தப் பதிலால் பையனின் குற்றம் தீர்ந்து போய்விட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். பிறர் எழுதியதைத் தான் எழுதியதாகச் சொல்லிக் கையெழுத்திட்டது அவன்தான். ஆனால் குற்றத்தில் பங்காளிகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அறிக்கை அறுபது பக்கத்துக்குக் குறையக் கூடாது என்று விதித்தவர் யார்? தமிழில் சிந்திக்கும் பிள்ளையை இங்கிலீஷில் எழுதச் சொன்னவர் யார்? கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்து, போன வருஷத்து அறிக்கைக்கு இந்த வருஷத்து அட்டை போட்டு விற்பவர் யார்? முதல் வருஷத்திலிருந்தே சோதனைச் சாலை "ரிகார்டு" நோட்டை மூத்த மாணவரிடம் வாங்கி அப்படியே பார்த்து எழுதுவது நம் கல்லூரிகளில் சம்பிரதாயமாகிவிட்டது. ஆசிரியர்களும் அதைப் பார்த்துச் சிவப்பு மையில் "சரி" போடுகிறார்கள். மூன்று வருஷம் இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, கடைசி அறிக்கையில் மட்டும் சத்தியத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

உபாத்தியாயர் செய்த தீர்ப்பு இது. அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று வாரத் தவணை. தமிழில் எழுதலாம், பக்கக் கணக்கு இல்லை. எங்கிருந்து எதை எடுத்தாலும் அதன் கீழே மூலத்தின் பெயரை எழுத வேண்டும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் நூற்றுக்கு 50-க்கு மேல் மார்க்கு கிடையாது. நடந்தது துறைப் பதிவேட்டில் ஏறும். இன்னொரு முறை நடந்தால் பூஜ்யம்தான்.

சக ஆசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. அதே வகுப்பில் ஒரு பெண், பிழையும் அடித்தலுமாக இருபத்தைந்து பக்கம் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். திருடியவனுக்கு இரண்டாவது சந்தர்ப்பம், உழைத்தவளுக்குச் சாதாரண மார்க்கா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மார்க்குக்கு உச்ச வரம்பு வைத்ததே அந்தப் பெண்ணை உத்தேசித்துத்தான். அவளுடைய மார்க்கு அவனுடையதைவிடக் குறையாமல் இருப்பதே தீர்ப்பின் முக்கிய ஷரத்து. இதை விட்டுவிட்டுக் கருணை காட்டினால் அது பிறர் வீட்டுப் பணத்தில் தர்மம் செய்வது போலாகும் என்பது நம் அபிப்பிராயம்.

இதற்குள் தகப்பனார் மலையிறங்கி வந்துவிட்டார். "புத்தகத்தைப் பார்த்துத்தானுங்களே எல்லாரும் படிக்கிறாங்க? அதைப் பார்த்து எழுதினா என்னங்க தப்பு?" என்று கேட்டார். உபாத்தியாயர் சட்டம் எதுவும் பேசவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நினைவூட்டினார். வேறெங்கோ விளைந்த பூண்டை மூட்டை கட்டி, மேலே "மலைப்பூண்டு" என்று சீட்டு ஒட்டி விற்றால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று கேட்டார். பெரியவரின் முகம் சிவந்துவிட்டது. எவனோ ஒரு வியாபாரியின் மேல் வந்த கோபம், மெதுவாகத் திரும்பி மகன் மேல் வந்து நின்றது.

தொழிற்படிப்பில் இந்த விஷயம் இன்னும் சற்று விபரீதமானது. இலக்கியம் படிக்கும் மாணவன் பிறருடைய கட்டுரையைக் காப்பியடித்தால் கெடுவது பெரும்பாலும் அவன்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சார வேலை படிப்பவன் "எர்த்" அளவைத் தான் சோதித்துப் பாராமல் பக்கத்துப் பையனின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டால், நாளைக்கு அதே வழக்கத்தை நம் வீட்டுச் சுவரிலும் காட்டுவான். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிறவர் நாமாயிருக்கலாம். தாதிப் பயிற்சி பெறும் பெண் நோயாளியின் ஜுரத்தை அளக்காமலே முந்தின நாள் அளவை எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கொடைக்கானலிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் நூறு வருஷங்களுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேகம் மூடிய நாளுக்குப் படம் இல்லை. இல்லாத இடம் இல்லாததாகவே இருக்கிறது. 1909-ல் எவர்ஷெட் துரை சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நேற்றைய படத்தைப் பார்த்து இன்றைய படத்தை எழுதியிருந்தால் அவர் எதைக் கண்டுபிடித்திருப்பார்?

மாணவர்களை மட்டும் ஏசுவதில் பிரயோஜனமில்லை. 2002-ல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தரே பிறருடைய பௌதிகக் கட்டுரையைத் தமதாக வெளியிட்டார் என்று புகார் எழுந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் நம் ராஷ்டிரபதிக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்து, 2003-ல் அவர் பதவி விலகினார். வேலியின் யோக்கியதை இப்படியிருந்தால் பயிரை என்ன சொல்வது?

2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவிகிதம் வரை என்றால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருஷம் கொடுக்கவே கூடாது. அதற்கும் மேலே போனால் பதிவு ரத்து. நல்ல விதிகள்தான்; ஆனால் இவை முதுகலைக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் எழுதப்படும் ஏடுகளுக்கே பொருந்தும். வகுப்புக் கட்டுரை, திட்ட அறிக்கை, விடைத்தாள் எல்லாவற்றுக்கும் அவ்விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே கவுஞ்சிப் பையனின் வழக்கை அவனுடைய வாத்தியார்தான் தீர்த்தாக வேண்டும்.

பிறர் நூலைப் பின்பற்றுவது தமிழர்களுக்கு இழிவாகப் பட்டதில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூலார் பாகுபடுத்தியிருக்கிறார். வழிநூல் என்று சொல்லிக்கொண்டு எழுதினால் அதற்கும் ஒரு கௌரவம் உண்டு. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது, ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களை முகவுரையில் மறவாமல் குறித்தார். ஓலையை ஊரூராய்த் தேடி அலைந்தவர் அவர்; பெயர் சொல்வதில் தமக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை என்பதை அவர் நன்கறிவார்.

இப்போது புதிதாக ஒரு சங்கடம் முளைத்திருக்கிறது. 2022 நவம்பரில் "சாட்ஜிபிடி" வந்தது முதல், கேட்டதை எழுதிக் கொடுக்கும் யந்திரம் பையன்களின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அந்த எழுத்து வேறெந்தப் புத்தகத்தோடும் ஒத்திருப்பதில்லை. சதவிகிதக் கணக்கில் அகப்படாது. யந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா என்று சொல்லும் கருவி ஒன்றை அதே கம்பெனி 2023 ஜனவரியில் வெளியிட்டது. சரியாகச் சொல்லவில்லை என்று ஜூலையில் தானே திரும்ப எடுத்துக் கொண்டது. செய்தவர்களுக்கே நம்பிக்கையில்லாத தராசை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் திருடன் என்று தீர்மானிப்பது அக்கிரமம். எதிரே உட்காரவைத்து, "விதைப் பூண்டை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் இன்றைக்கும் நம்பக்கூடிய சோதனை. அதற்கு உபாத்தியாயருக்கு நேரம் வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது பேரை அடைத்துவிட்டு அந்த நேரத்தை எங்கே தேடுவது என்று கல்லூரி நடத்துகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கவுஞ்சிப் பையனின் இரண்டாவது அறிக்கை பத்தொன்பது பக்கம் வந்தது. அதில் ஒரு பக்கம் விவசாய இலாகாவின் துண்டுப் பிரசுரத்திலிருந்து எடுத்தது. கீழே அதன் பெயர் ஒழுங்காக எழுதியிருந்தது. பூண்டு காயவைக்கும் பரணுக்கு அவனே கோணல் மாணலாக ஒரு படமும் போட்டிருந்தான்.

இதைப் படிக்கும் நேயர்களில் சிலர் இன்றிரவு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காகக் கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு எரிமலை செய்யப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பிள்ளை பாவம், எட்டு மணிக்கே தூங்கிப் போயிருக்கும். எரிமலை பேஷாக வரட்டும். அட்டையில் யார் பெயரை எழுதப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.