புல்லட்டுக்கு வந்த பரீட்சை

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட எங்கள் வீட்டில் இத்தனை அமர்க்களம் நடந்ததில்லை. 2023-ஆம் வருஷம், ஆடி மாதம். இவருடைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் போக்குவரத்து ஆபீஸில் பரீட்சைக்கு நிறுத்த வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இரண்டு நாட்களாக வாசலில் வண்டிக்கு ஸ்நானம், துடைப்பு, பாலிஷ். என்னுடைய பழைய வாயில் புடைவை ஒன்று துண்டு துண்டாகி அந்தக் கைங்கரியத்தில் ஐக்கியமாகிவிட்டது.

"முப்பது வயது வண்டியைத் தேற்றுவார்களா? பேசாமல் யாருக்காவது கொடுத்துவிடுங்களேன்" என்றேன்.

"மூன்று தடவை தேறிய வண்டியாக்கும்!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

விஷயம் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். சொந்த உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிளின் ரிஜிஸ்ட்ரேஷன் முதலில் 15 வருஷம் செல்லும். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு முறை மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, தெருவில் ஓடத் தகுந்ததுதான் என்று புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டி 1993-ல் வாங்கியது. 2008, 2013, 2018 என்று மூன்று கண்டம் தாண்டியாயிற்று. கட்டணம் மட்டும் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1000-க்குத் தாவிவிட்டது. 2025-ல், 20 வயது கடந்த மோட்டார் சைக்கிளுக்கு அதையும் 2000 ஆக்கினார்கள்.

திருவொற்றியூர் என்றால் நமக்கு வடிவுடையம்மன் நினைவு வரும். இவருக்குப் புல்லட் தொழிற்சாலைதான் நினைவு வரும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. நம் ராணுவம் விரும்பி வாங்கியதால் இங்கேயே செய்ய யோசனை பிறந்தது. 1955-ல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஏற்படுத்தின. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். பிறந்த வீட்டில் 1970-ல் தொழிலே நின்றுபோயிற்று. புகுந்த வீட்டில் வண்டி தழைத்து, 1977-ல் இங்கிலாந்துக்கே விற்பனைக்குக் கப்பலேறியது. நம்மில் எத்தனை பேருடைய கதை இது!

சரி, இந்தப் பழைய வண்டியை நம்பலாமா? ஒற்றை ஸிலிண்டர், 346 ஸி.ஸி., நிதானமாகத் துடிக்கிற எஞ்சின். அந்த நாள் வார்ப்பிரும்பு எஞ்சின்களுக்கு எண்ணெய் கசியும் சுபாவம் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. பிளக்குக்குப் பொறி அனுப்பும் 'பாயிண்ட்' சற்று நகர்ந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும். ஸ்டார்ட் செய்வதோ தனி அநுஷ்டானம். டீகம்ப்ரஸர் பிடியை இழுத்து, உதைகட்டையை மெல்ல மிதித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் ஓங்கி ஓர் உதை. முறை தவறினால் உதைகட்டை திருப்பி உதைக்கும். போதாக்குறைக்குப் பழைய இங்கிலீஷ் வழக்கப்படி கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதித்துவிடலாம்.

ஆனால் நடுவழியில் நின்றால் மரத்தடி மெக்கானிக்கே பிரித்துப் பூட்டி அனுப்பிவிடுவார். பல வருஷங்கள் அதே அமைப்பில் வந்த வண்டியாதலால், ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் பாகம் அகப்பட்டுவிடும். நிற்காத வண்டி ஒரு ரகம். நின்றாலும் கிளம்பிவிடும் வண்டி இன்னொரு ரகம். இது இரண்டாவது ரகம்.

பரீட்சை நாளன்று துணைக்கு நானும் பின் ஸீட்டில் போனேன். இன்ஸ்பெக்டர் என் மகன் வயதுப் பிள்ளை. சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டார். விளக்கு, ஹாரன், டயர், கண்ணாடி எல்லாம் பார்த்தார். பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கவனித்தார். புகைச் சான்றிதழும் சரியாக இருந்தது. 2000 மார்ச்சுக்குள் தயாரான வண்டியானால் புகையில் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவிகிதம் வரை இருக்கலாமாம்; கிழ வண்டிக்குச் சலுகை. இவர் முகத்தில் வெற்றிக் களை வந்துவிட்டது.

அப்போது இன்ஸ்பெக்டர் வண்டியின் இடது பக்கம் வந்து நின்றார்.

"ஸாரி கார்டு எங்கே ஸார்?"

இவர் விழித்தார். நானும்தான். வாங்கும்போது இருந்தது. வண்டியின் அழகைக் கெடுக்கிறதென்று போன வருஷம் எங்கள் பையன் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டான். இவரும் "ஆமாம், இப்போதுதான் எடுப்பாக இருக்கிறது" என்று ஒத்துப் பாடினார்.

"அம்மா இறங்கும்போது முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்களே, அதனால்தான் கேட்டேன்" என்றார் அந்தப் பிள்ளை.

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் என் முந்தானையைப் பின் சக்கரம் பற்றி இழுத்தது. மெதுவாகப் போனோமோ, பிழைத்தேனோ! ஒரு முழம் பட்டு கிழிந்ததோடு போயிற்று. "நீதான் ஒழுங்காகச் செருகிக்கொள்ள வேண்டும்" என்றார் இவர். "ஜாக்கிரதையாக உட்காரக் கூடாதா அம்மா?" என்றான் பையன். நானும் என் தப்பென்றே நினைத்துக்கொண்டேன்.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும், அவர் துணி சக்கரத்தில் மாட்டாதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் வேண்டும் என்று அது சொல்கிறது. நாம் ஒருக்களித்து உட்காரும் இடது பக்கத்தில்தான் எங்கள் வண்டியின் செயினும் ஓடுகிறது. இத்தனையும் அந்த ஆபீஸ் வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

"பூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

வீடு வந்ததும் இவருக்குப் பொருமல். "இந்த வண்டி பிறந்த இங்கிலாந்தில் 1960-லேயே இந்தப் பரீட்சை வந்துவிட்டது. அங்கேயே 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாறுதல் செய்யாத 40 வயது வண்டிக்குப் பரீட்சை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள், தெரியுமா?"

"பரீட்சையைத்தானே விட்டார்கள்? கெட்ட வண்டியை ஓட்டலாம் என்றா சொன்னார்கள்? அங்கே பட்டுப் புடைவை கட்டிக்கொண்டு பின்னால் உட்காருகிறவள் யார்?" என்றேன். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே கோளாறு சொல்லும் மனுஷர், எனக்குப் பக்கத்தில் இல்லாமல்போன சாமானை ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை!

பையன் பரண்மேல் ஏறினான். காப்பு துருப்பிடித்து வளைந்திருந்தது. புதுப்பேட்டைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்து அவனே பூட்டினான். நான் கையால் அசைத்துப் பார்த்து, "இந்தப் போல்ட்டு ஆடுகிறதே" என்றேன். மறுபேச்சில்லாமல் முடுக்கினான்.

உங்கள் வீட்டு வண்டி எந்தக் கம்பெனியாயிருந்தாலும் சரி, ஸ்கூட்டரோ பைக்கோ, இன்று சாயங்காலம் இடது பக்கம் குனிந்து ஒரு தரம் பாருங்கள். காப்பு இருந்தால் மட்டும் போதாது. ஆடாமல் இருக்க வேண்டும். கால் வைக்கும் படியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மழையில் செருப்பு வழுக்கும். ஹெல்மெட்டும் ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காருகிற நமக்கும் சட்டப்படி உண்டு. கொண்டை கலையும் என்ற கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இன்ஸ்பெக்டர் காப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். 2028 வரை கவலையில்லை. திரும்பும்போது பழக்க தோஷம், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் ஏறினேன்.

"இப்போதுதான் கார்டு இருக்கிறதே?" என்றார் இவர்.

"நீங்கள் முன்னால் பார்த்து ஓட்டுங்கள்" என்றேன்.