கூழ்ப்பானையும் கோதுமை பீரும்

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன மாதம் என்னை இந்திராநகருக்கு இழுத்துக்கொண்டு போனான். "மாமா, ஊர்ல நீங்க குடிக்கிறதெல்லாம் பீரே இல்ல. வாங்க, காட்டுறேன்" என்றான். 2010இல் அங்கே டாய்ட் என்ற கடை வந்தது. அதற்கப்புறம் அந்த நகரத்தில் தாங்களே பீர் காய்ச்சித் தாங்களே ஊற்றித் தரும் கடைகள் பெருகிவிட்டன. நாங்கள் போனது அப்படியொரு கடை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத் தொட்டிகள், இந்தப் பக்கம் நாங்கள்.

பரிமாறுகிற பையன் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து வைத்தான். அதில் ஆறு குழி. குழிக்கொரு குட்டி கிளாஸ். முதல் கிளாஸ் வைக்கோல் நிறம், கடைசி கிளாஸ் மசிக் கறுப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்க்கு மேல் இருக்காது. ருசி பார்த்து, எது பிடித்திருக்கிறதோ அதைப் பெரிய கிளாஸில் வாங்கிக்கொள்ளலாமாம். ஐம்பத்தாறு வயதில், குடிக்கிற இடத்தில் ஒருவர் என்னிடம் "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டது அன்றுதான் முதல் தடவை.

கள்ளக்குறிச்சியில் நான் கேட்டு வளர்ந்த கேள்வி வேறு. "ஏறுமா?" அவ்வளவுதான்.

சரி, ருசிக்கு வருவோம். கோதுமை பீர் எனக்குப் பிடித்துப்போனது. ஜெர்மனியின் பவேரியா பக்கத்துச் சரக்கு. கலங்கலாக, கஞ்சித் தெளிவு போல இருக்கிறது. வாயருகே கொண்டுபோனால் பழுத்த வாழைப்பழ வாசனையும் பின்னாலேயே கிராம்பும் வருகின்றன. அதில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. நொதிக்க வைக்கிற ஈஸ்ட் தன் வேலையைச் செய்யும்போது விட்டுச்செல்லும் வாசனைகள் அவை. 1516இல் பவேரியாவில் போட்ட சட்டம், பீருக்கு பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் இந்த மூன்றும் போதும் என்றது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் பிற்பாடு கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை அரச குடும்பம் தன் கையில் வைத்துக்கொண்டு நன்றாகச் சம்பாதித்தது. சாராய விஷயத்தில் அரசாங்கங்களின் குணம் எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்தியா பேல் ஏல் எனும் ஐபிஏ எனக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பெயரில் இருக்கும் 'ஐ' நம் இந்தியா. லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலை போன்றவை, இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காக மாதக்கணக்கில் கப்பலில் அனுப்பிய பீரின் வாரிசு. வழியில் கெடாமல் இருக்க ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகப் போட்டார்கள். அந்தக் கசப்பே பிறகு ருசியாகிவிட்டது. மருமகனுக்கு அதுதான் உயிர். எனக்கோ, பாகற்காய்க் குழம்பில் புளியும் வெல்லமும் போட மறந்த மாதிரி இருந்தது. நம் பேரைச் சொல்லிச் செய்த ஒன்று நமக்கே பிடிக்காமல் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டவுட் கறுப்பு. வறுத்த பார்லியின் மணம், அடிப்பிடித்த காபி மாதிரி. இலங்கையின் லயன் ஸ்டவுட்டை உலகப் பிரசித்தி பெற்ற பீர் விமர்சகர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, இவர் இங்கிலாந்துக்காரர்) புகழ்ந்து எழுதியிருக்கிறார். பலம் 8.8 சதவீதம். கொழும்பில் ஒருமுறை குடித்திருக்கிறேன். இரண்டாவது கிளாஸ் கேட்கத் தோன்றாத, ஆனால் முதல் கிளாஸை மறக்கவிடாத சரக்கு.

நாலாவது கிளாஸில்தான் விஷயம். பெர்லின் பாணிப் புளிப்பு பீர் என்றான் மருமகன். ஒரு வாய் வைத்தேன். நாக்கின் இரு ஓரமும் சுருக்கென்று கூசியது. தொண்டையில் இறங்கும்போது குளிர்ச்சி. எங்கேயோ குடித்திருக்கிறோமே என்று இன்னொரு வாய் வைத்தேன்.

"டேய், இது கூழுடா."

அவன் சிரித்தான். ஆனால் அது கூழ்தான். எங்கள் ஆயா சாயங்காலம் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பாள். மறுநாள் அடுப்பில் நொய் வெந்ததும் அந்தக் கரைசலை ஊற்றிக் கிண்டி இறக்கி, மண்பானையில் ஊற்றி மூடுவாள். அதற்கடுத்த நாள் காலையில் அதைக் கரைத்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொடுப்பாள். பானையை அலம்பினாலும் அதன் புளிப்பு போகாது. புதுப்பானையில் கூழ் சரியாக வராது என்பாள். மாவைப் புளிக்க வைப்பது லாக்டிக் அமிலப் பாக்டீரியா. பெர்லின்காரர்களின் பீரைப் புளிக்க வைப்பதும் அதே குடும்பம்தான். அங்கே அதற்கு ஈஸ்ட்டும் துணைக்கு வருகிறது, சாராயச் சத்து சேர்கிறது. நம் கூழில் சாராயச் சத்து போதை தரும் அளவுக்கு இல்லை.

பீரின் உயிர் மால்ட். பார்லியை ஊறப்போட்டு, முளைவிட வைத்து, சரியான நேரத்தில் உலர்த்தி, வறுத்து, உடைப்பது. முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தேவையான நொதிகளைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தச் சர்க்கரைதான் ஈஸ்ட்டுக்குத் தீனி. இதைப் படித்தபோது எனக்கு என் தங்கையின் முதல் பிரசவம் ஞாபகம் வந்தது. வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, ஈர வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் துணியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். நிழலில் காயவைத்து, வாசனை வரும்வரை வறுத்து, மில்லில் அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி. கள்ளக்குறிச்சியில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அம்மாக்கள் மால்ட் செய்துகொண்டிருக்கிறார்கள்.

புதிதாகக் கற்றுக்கொண்டதும் இல்லை. சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் காய்ச்சும் மதுவுக்கு முழுச் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, அடையைப் பிசைந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பார்கள். அந்த அடை நெல்முளையை இடித்துச் செய்தது என்பது உரை. முளைவிட்ட தானியம், மாவு, நொதித்தல், வடித்தல். இந்திராநகரில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நடப்பதும் அதே வரிசைதான். எங்கள் வட்டாரத்துக்கு இன்னும் நெருங்கி வரவேண்டுமானால் மலைபடுகடாம். அதன் தலைவன் நன்னனின் செங்கம், எங்களுக்கு வடக்கே தென்பெண்ணை தாண்டிக் கொஞ்ச தூரம். அதில் மூங்கில் குழாயில் முதிர வைத்த தேன் மது வருகிறது. இன்றைக்கு விஸ்கி பீப்பாயில் பீரை முதிர வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று எழுதும் பழக்கம் பத்திரிகைகளுக்கு உண்டு. அதில் எனக்கு வருத்தம்தான். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, கடுக்காயும் புளியும் பொறுக்கி விற்றுப் பிழைக்கிற மலையாளிப் பழங்குடிகளின் மலை அது. ஆனாலும் சாராயம் காய்ச்சப் போடும் ஊறல் இருந்தது, இருக்கிறது. தொழிலை விட்டு வருஷங்கள் ஆன ஒரு பெரியவர், வெள்ளிமலை போகிற வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய். பேரலில் போட்டு மூடியபிறகு காதை வைத்துக் கேட்க வேண்டுமாம். "மொதல்ல மழ பேயிற மாதிரி சத்தம் கேக்கும் சாமி. அப்பறம் தூறல். சத்தம் அடங்குனா ஊறலு முத்திருச்சு." பீர் ஆலையில் அதற்கு மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். அவர் பக்குவத்தையும் நாக்கையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். குடித்தவன் எவனாவது ருசியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னானா என்று கேட்டேன். "அவனுக்கு எதுக்கு ருசி? அடிச்சுட்டுத் தூங்கணும், காலைல மூட்ட தூக்கணும்."

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது ஊறலின் குற்றம் இல்லை. உள்ளே கலந்திருந்தது மெத்தனால், ஆலைகளில் பயன்படும் கரைப்பான். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பிடிக்கும், பிறகு உயிரை. ருசி தெரிந்தவனாக இருந்தால் தப்பித்திருப்பான் என்று அப்போது ஒரு நண்பர் சொன்னார். தப்பு. மெத்தனாலுக்கும் குடிக்கிற எத்தனாலுக்கும் நாக்கு வித்தியாசம் சொல்லாது. தீக்குச்சி உரசிப் பார்த்தாலும் இரண்டும் நீலமாகத்தான் எரியும். ஆறு கிளாஸ் பலகையை வைத்துப் பழக்கிய என் நாக்கும் அன்று அந்தப் பாக்கெட்டில் ஏமாந்திருக்கும். டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசு போதாதவர்கள் வாங்கிக் குடித்த சரக்கு அது. அந்த வாரம் முழுக்க ஊரில் ஆம்புலன்ஸ் சத்தம், பிறகு தெருவுக்குத் தெரு பந்தல்.

இருந்தாலும் அந்த "ஏறுமா" என்ற கேள்வி என்னை விடவில்லை. இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங் பீர். கொடுத்த காசுக்குப் போதை குறையக் கூடாது என்பதுதான் கணக்கு. நாலைந்து சதவீதத்தில் நிற்கும் தென்னங்கள்ளும் பனங்கள்ளும் தமிழ்நாட்டில் 1987இலிருந்து தடை. மரத்துக்கு மரம், வேளைக்கு வேளை ருசி மாறும் பானம் அது. காலைக் கள் இனிக்கும், சாயங்காலக் கள் கடுக்கும். அதை எடுத்துவிட்டு, பிராந்தியையும் ஸ்ட்ராங் பீரையும் அரசாங்கமே விற்கிறது. சொந்தமாகக் காய்ச்சி ஊற்றும் கடையைத் தேடி நாங்கள் பெங்களூருக்கோ பாண்டிச்சேரிக்கோதான் போகவேண்டியிருக்கிறது.

பெங்களூரிலிருந்து பஸ் ஏறி விடியற்காலையில் கள்ளக்குறிச்சி வந்திறங்கினேன். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் பையை வாங்கி வைத்தார். எங்கே போய்வந்தேன் என்று கேட்டார், சொன்னேன். ஆறு கிளாஸையும் விவரித்தேன். வாழைப்பழம், கிராம்பு, கூழ் எல்லாம்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"எத்தன பர்சன்ட்டுண்ணே?"

"நாலரை இருக்கும்."

கச்சிராயபாளையம் ரோடு திரும்பும்வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "அதுக்கா அண்ணே அம்புட்டு தூரம் போனீங்க?"