கண்ணகி மேல் எனக்கொரு கோபம்

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு, 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டம் விட்டு இரணைமடுப் பக்கம் வந்த நாங்களும் போகிறோம். கும்பிடுவது கும்பிடுவதுதான். ஆனால் சிலப்பதிகாரத்துக் கண்ணகி மேல் எனக்குக் கோபம், சகோதரிகளே! சொத்தை அழித்துவிட்டு வந்த கோவலன், மாதவிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வாடுகிறான் என்று எண்ணியும் சிலம்பைத் தருகிறேன் என்றாளே! மதுரையை எரித்ததை விடுங்கள். அறியாத ஊரில் ஒற்றைச் சிலம்போடு அவனைத் தனியே அனுப்பிவிட்டு, மற்றச் சோடியோடு இவள் ஆயர் வீட்டில் இருந்தாள். பிறகு அரசனிடம் கொண்டுபோன அதே சோடியோடு, முதலிலேயே தட்டானிடம் கூடப் போயிருக்கலாம்.

லயத்தில், குடித்து அழித்த புருஷனுக்குத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த அம்மாக்களையும் கண்ணகி என்றுதான் புகழ்ந்தார்கள். அடகுத் துண்டில் பெயர் மட்டும் புருஷனுடையது.