பந்தின் பின்னே ஓடும் பிள்ளையும் பெற்றோரின் கையொப்பமும்



அஸர் தொழுகை முடிந்து மஃரிபுக்கு பாங்கு ஒலிக்கும் வரையுள்ள அந்தச் சிறு பொழுது பிள்ளைகளுக்குரியது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கட்டடம் எழும்பாத மனை எங்கெல்லாம் எஞ்சியுள்ளதோ, அங்கெல்லாம் அந்நேரத்தில் ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும். பிள்ளைகளின் மஞ்சள் சட்டை முதுகில் பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரை அவன் தன் மாமன் மகன் பெயரைப் போல உரிமையோடு சொல்வான்.

"ஹஜ்ரத், பையன் பாடப் புத்தகத்தைத் தொடுவதில்லை. பெரிய ஆட்டக்காரனாகப் போகிறேன் என்கிறான். என்ன செய்வது?" என்று கேட்கும் தாய்மார் பலர். "அடித்து உட்கார வையுங்கள்" என்று ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். "அவன் விருப்பம் போல விடுங்கள்" என்றும் சொல்லிவிடலாம். இரண்டுமே பொறுப்பைக் கைகழுவும் விடைகள். அந்த மஞ்சள் சட்டைக்குரிய ஊரில் ஒரு பிள்ளை எப்படி வளர்ந்தான், நம் தமிழ் மண்ணில் ஒரு பிள்ளை எப்படி வளர்ந்தான் என்பதைப் பார்த்துவிட்டு விடையைத் தேடுவோம்.

தகுவாட்டிங்காவின் பிள்ளை

பிரேசிலின் தலைநகரை அடுத்த தகுவாட்டிங்கா என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் பிறந்தவர் எண்ட்ரிக். வீட்டில் வறுமை. மகனின் கால்களில் ஏதோ இருக்கிறது என்று கண்ட தந்தை, அவன் ஆடுவதைப் படம்பிடித்து இணையத்தில் இட்டுக் கழகங்களின் பார்வைக்கு வைத்தார். சாவோ பாலோ நகரின் பல்மெய்ராஸ் கழகம் சிறுவனைச் சேர்த்துக்கொண்டது. தந்தைக்கும் அங்கேயே துப்புரவுப் பணி கிடைத்தது. மகன் பயிலும் திடலின் ஓரத்தில் தந்தை துடைப்பம் பிடித்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். சட்டையின் முதுகில் உள்ள பெயர் மட்டுமே அவர்களுக்குத் தெரிகிறது.

2022 ஜனவரியில் சாவோ பாலோ இளையோர் கோப்பைப் போட்டி நடந்தது. எண்ட்ரிக்குக்கு அப்போது 15 வயது. தம்மினும் பல ஆண்டு மூத்தவர்களோடு ஆடி, போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். 16 வயது நிறைந்த பிறகே பிரேசிலில் தொழில்முறை ஒப்பந்தம் செய்ய இயலும். அந்த வயது நிறைந்ததும் ஒப்பந்தமானார். அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் கோரிச்சிபா கழகத்துக்கு எதிராக முதல் அணியில் களமிறங்கினார். அம்மாதம் 25ஆம் நாள் அத்லெட்டிகோ பரனென்ஸ் கழகத்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு ரியல் மாட்ரிட் கழகம் அவரை விலைபேசி முடித்தது. அடிப்படைத் தொகையே மூன்றரைக் கோடி யூரோ என்று செய்தித்தாள்கள் எழுதின.

நம் பிள்ளைகள் கேட்ட கதை இத்தோடு முடிந்துவிடுகிறது. நான் சொல்ல விரும்பும் பகுதி இதன் பிறகே தொடங்குகிறது.

2023ஆம் ஆண்டு பிறந்ததும் கோல் வரவில்லை. ஆட்டத்தின் மேல் ஆட்டமாகக் கழிந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. விலையைச் சொல்லிச் சொல்லி ஏளனம் செய்தோரும் உண்டு. பயிற்சியாளர் ஆபெல் பெரேரா அவரை அவசரப்படுத்தவில்லை. பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் அமர்த்தி வைத்தார். பிள்ளை உட்கார்ந்தான், பயின்றான், காத்திருந்தான். நவம்பர் 1ஆம் நாள், பட்டியலில் முதலிடத்தில் இருந்த பொட்டாபோகோ கழகத்தோடு ஆட்டம். இடைவேளையில் பல்மெய்ராஸ் 3க்கு 0 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தபோது 4க்கு 3 என்று வென்றிருந்தது. அந்த நான்கில் இரண்டு எண்ட்ரிக் அடித்தவை. அவ்வாண்டுச் சாம்பியன் பட்டமும் பல்மெய்ராசுக்கே கிடைத்தது.

அந்த நவம்பரிலேயே நாட்டு அணிக்காக முதன்முறை ஆடினார். 2024 மார்ச் 23ஆம் நாள் லண்டன் வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். அப்போது அவருக்கு வயது 17.

18 வயது நிறைந்த 2024 ஜூலையில் மாட்ரிட் சென்றார். ஆகஸ்டு 25ஆம் நாள் லீகில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். ஆயினும் அந்த முதல் ஆண்டின் பெரும்பகுதியை மாற்று இருக்கையிலேயே கழித்தார். 2025இல் காயம் வந்தது. 2026ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஆட வாய்ப்பு வேண்டும் என்பதற்காகப் பிரான்சின் லியோன் கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அத்தனை கோடி விலைபோன பிள்ளைக்கும் இடம் எழுதிவைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பேருந்துக் கட்டணம்

இவருக்கு முன் அந்நாட்டில் தோன்றிய ரொனால்டோவின் இளமையில் ஒரு செய்தி உண்டு. ரியோ நகரின் புகழ்மிக்க பிளமெங்கோ கழகத்தில் சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பயிற்சிக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் இல்லை. கழகமும் தர முன்வரவில்லை. எனவே சாவோ கிறிஸ்தோவாவோ என்னும் சிறு கழகத்தில் ஆடினார். 1993இல் குரூசெய்ரோ கழகத்தில் இடம் பெற்றார். 1994 உலகக் கோப்பை அணியில் 17 வயதில் சேர்க்கப்பட்டார். பிரேசில் கோப்பையை வென்றது. அவரோ ஒரு நிமிடமும் ஆடவில்லை. 2002 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல்களும் அடித்து நாட்டுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் இவரே.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் நடந்து செல்லும் தொலைவே. பூந்தமல்லியார்க்குப் பேருந்து உண்டு. வியாசர்பாடியோ சென்னையின் சின்ன பிரேசில் என்றே பெயர் பெற்றது. அங்கு வளர்ந்த தனபால் கணேஷ், 2017–18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற சென்னையின் அணியில் ஆடியவர். வறுமையும் தொலைவும் தடைகள்தாம். எனினும் அவை கதவைச் சாத்திவிடுவதில்லை.

கண்டனூரின் பிள்ளை

சிவகங்கை மாவட்டம் காரைக்குடியை அடுத்த கண்டனூரைப் பெரும்பாலோர் செட்டிநாட்டு வீடுகளுக்காக அறிவர். அவ்வூரில் 2001ஆம் ஆண்டு பிறந்தவர் சிவசக்தி நாராயணன், எண்ட்ரிக்கைப் போலவே முன்கள ஆட்டக்காரர். இராமன் விஜயன் நடத்தும் கால்பந்துப் பள்ளியில் பயின்றார். இந்த இராமன் விஜயன் 1997–98 தேசிய லீகில் கொச்சின் கழகத்துக்காக ஆடி அதிக கோல் அடித்தவர். கோல் அடிக்கத் தெரிந்தவரிடம் கோல் அடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை என்று சொல்லலாம்.

2020இல் பெங்களூரு கழகம் அவரை எடுத்துக்கொண்டது. உடனே முதல் அணியில் நிறுத்திவிடவில்லை. இரண்டாம் அணியில் வைத்தது. இரண்டு ஆண்டுகள் தொலைக்காட்சி வெளிச்சம் அதிகம் படாத உள்ளூர் லீகிலும் இளையோர் போட்டியிலும் ஆடினார். அவரைக் குறித்து நாளேடுகள் பெரிதாக எழுதாத காலம் அது. கண்டனூரில் யாரேனும் "பையன் என்ன ஆனான்?" என்று கேட்டிருந்தால் "பயிற்சியில் இருக்கிறான்" என்பதே அப்போதைய விடையாக இருந்திருக்கும்.

பிறகு 2022 செப்டம்பர் வந்தது. 1888இல் தொடங்கிய டூரண்டு கோப்பை ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. அதன் இறுதியாட்டம் கொல்கத்தாவில் நடந்தது. மும்பை சிட்டி அணியைப் பெங்களூரு 2க்கு 1 என்று வென்றது. முதல் கோல் சிவசக்தியுடையது. தொடர்ந்து 2022–23 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் முதல் அணியில் இடம் உறுதியாயிற்று. பருவ முடிவில் லீகின் வளரும் ஆட்டக்காரர் என்னும் விருது பெற்றார்.

அவ்விருது பெற்ற 2023 மார்ச் 18ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் அவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயமுற்று வெளியேறினார். அவருடைய இடத்தில் இறங்கியவர் நாட்டின் தலைசிறந்த கோல் வீரரான சுனில் சேத்ரி. ஆட்டம் சமமாகி, பெனால்டியில் பெங்களூரு தோற்றது. ஆண்டெல்லாம் உழைத்த பிள்ளை அந்த நாளை வெளியே அமர்ந்து பார்க்க நேர்ந்தது. இந்த ஆட்டத்தில் கால்தான் முதல், அந்தக் காலுக்கோ எவரும் உத்தரவாதம் தருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

எண்ட்ரிக்கை விலைபேசியது 2022இல். அவர் மாட்ரிட் சென்றதோ 2024இல். பணம் தயாராக இருந்தும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஏன் காத்திருந்தார்கள்? காரணம் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபாவின் விதி. 18 வயது நிறையாத பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற அவ்விதி பொதுவாக இடம் தருவதில்லை. கால்பந்தல்லாத காரணத்துக்காகப் பெற்றோரே அந்நாட்டில் குடியேறுவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 18 வயதுக்குட்பட்டவரோடு மூன்றாண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தமும் செல்லாது. முகவராக இயங்குவோர் பிஃபாவின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சிறுவரை அணுகுமுன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவும் பெற்றாக வேண்டும்.

இவ்விதியை ஒவ்வொரு வீட்டிலும் மனப்பாடம் செய்து வைத்தல் நலம். "உங்கள் 15 வயதுப் பையனை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று எவரேனும் வாயிலில் வந்து நின்றால், அந்த ஒரு சொல்லிலேயே அவருடைய பொய் வெளிப்பட்டுவிடும். 2023 ஜூனில் போர்ச்சுக்கல் நாட்டில், ஒரு கால்பந்துப் பயிற்சிக் கூடத்தில் ஆள்கடத்தல் ஐயத்தின் பேரில் அதிகாரிகள் சோதனை நடத்தினர். அயல்நாடுகளிலிருந்து ஆசை காட்டி அழைத்துவரப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்டனர். அவர்களுடைய பெற்றோரும் நம்மைப் போல மகனின் நலத்தை நாடியவர்களே.

பெருங்கழகம் ஒன்று உண்மையாகவே ஒரு பிள்ளையை விரும்பினால், பணம் கழகத்திடமிருந்து வெளியே வரும். ஒப்பந்தம் நடப்பிலிருக்கும்போது விலைகொடுத்து ஓர் ஆட்டக்காரரை அயல்நாட்டுக் கழகம் வாங்கினால், அத்தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்து தரப்பட வேண்டும் என்பதும் பிஃபா விதியே. ஆகவே நம் தெருக்கோடியிலுள்ள சிறு கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது, முறையாகப் பதிவு செய்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பதிவு பிள்ளைக்கும் பாதுகாப்பு, கழகத்துக்கும் பலன்.

தாய்மாருக்கு விடை

பிள்ளையின் கால்களில் ஏதோ இருக்கிறது என்று பயிற்சியாளர் ஒருவர் சொன்னால் தடுக்காதீர்கள். பள்ளியை நிறுத்திவிட்டு ஆடுகிறேன் என்றால் இணங்காதீர்கள். ஓராயிரம் பிள்ளைகள் ஓடும் பாதையில் முதல் அணியைச் சென்றடைவோர் மிகச் சிலர். மற்றையோர்க்கும் சோறு வேண்டும். சென்னைக் கால்பந்தில் ஐ.சி.எப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள் நெடுங்காலமாக ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்து வந்துள்ளன. இந்தியாவுக்காக ஆடிய முன்கள வீரர் சையத் சபீர் பாஷா, இந்தியன் வங்கி அணியில் விளங்கியவர். பின்னாளில் சென்னையின் அணியின் பயிற்சிக் குழுவிலும் இருந்தார். இத்தகைய வேலைக்கும் கல்விச் சான்றிதழ் தேவை. கால் ஓய்ந்த பின்னும் கை பிழைக்க வழி செய்வது அதுதான்.

பயிற்சிக் கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள். காகிதம் நீட்டினால் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் புரிந்த ஒருவரிடம் காட்டி, ஒரு வாரம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு வாரம் பொறுக்காதவன் உங்கள் பிள்ளையின் பத்து ஆண்டுகளைக் காப்பான் என்று நம்புவது எங்ஙனம்?

தந்தைமார்க்கும் ஒரு சொல். தோற்று வந்த மாலையில் மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். எத்தனை கோல் என்று கேட்குமுன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பல மாதம் கோலின்றித் திரும்பிய எண்ட்ரிக்குக்கும், இரண்டு ஆண்டுகள் இரண்டாம் அணியில் காத்திருந்த சிவசக்திக்கும் அந்நாட்களில் தேவைப்பட்டது பொறுமை. அப்பொறுமையை வீட்டிலிருந்து பெறாத பிள்ளை வெளியே எங்கே பெறுவான்?

மஃரிபுக்கு பாங்கு ஒலித்ததும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வரும் பிள்ளைக்கு நேரத்தின் ஒழுங்கு ஏற்கெனவே தெரியும். அந்த ஒழுங்கை ஆட்டத்துக்கும் படிப்புக்கும் பங்கிட்டுத் தருவது பெற்றோர் கடமை. அவனுக்கு 18 வயது நிறையும் வரை அவன் பெயரால் இடப்படும் கையொப்பம் உங்களுடையது. அதை நிதானித்து இடுங்கள்.