‘சரித்திர’மும் ‘கதை’யும்

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எது என்ற வழக்கில் ஆண்டுகளை எண்ணுகிறோம். தலைப்பிலுள்ள சொல்லைப் பார்ப்பதில்லை. அன்று ‘சரித்திரம்’ என்பது வரலாறு மட்டுமன்று. கற்பனை மாந்தரின் வாழ்க்கைக் கதையும்தான். பிரதாப முதலியாரும் (1879) சித்திலெவ்வையின் அசன்பேயும் (1885) அப்படி வந்தவர்களே. திருகோணமலை இன்னாசித்தம்பியோ, ஐரோப்பிய வீரக்கதையொன்றைத் தழுவிய தன் நூலுக்கு ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) என்று பெயரிட்டார். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்று: பெற்றோரைப் பிரிந்த பிள்ளை வீரத்தால் உயர்ந்து தன் குலத்தை அடைகிறான்.

ஆறாண்டு முந்தியவர்கள் நாமென மார்தட்டுவோரில், இத்துறைமுக நகரத்தவரின் நூலைப் புரட்டியவர் எத்தனை பேர்? ஒன்றை முஸ்லிம் பெட்டியிலும் மற்றதைக் கிறிஸ்தவப் பெட்டியிலும் பூட்டிவைப்பது இலக்கிய வரலாறு ஆகாது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்போம். முதலிடத்தைப் பிறகு பார்க்கலாம்.