குணசாலியான ஸ்திரீ: யாருக்குச் சொல்லப்பட்டது?



நம் திருமண ஆராதனைகளிலும் ஸ்திரீகளின் கூடுகைகளிலும் தவறாமல் வாசிக்கப்படும் பகுதி நீதிமொழிகள் 31. வாசித்து முடிந்ததும் புருஷர் பலர் திரும்பித் தங்கள் மனைவிமாரைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை நான் வன்மையாக மறுக்கிறேன். அப்பகுதி பெண்களை நோக்கி உரைக்கப்பட்டதே அன்று.

முதல் வசனத்தைப் பாருங்கள். பேசுகிறவள் ஒரு தாய். கேட்கிறவன் அவள் மகன் லேமுவேல், ஒரு ராஜா. பத்தாம் வசனம் முதலான கவிதை தனித்த ஒன்று என்று வேத அறிஞர் சிலர் கருதுவர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் அவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. இருக்கட்டும். முதல் அதிகாரந்தொட்டு "என் மகனே" என்று விளிக்கும் நூல் அது. "என் மகளே" என்று ஓரிடத்திலும் விளிக்கவில்லை. அக்கவிதையின் 22 வசனங்களும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன. சீகன்பால்கு 1708-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்த நம் கொன்றைவேந்தனும் அகரவரிசையில் அமைந்ததுதானே! இளைஞன் ஒருவன் மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற வடிவம் அது.

மொழிபெயர்ப்பும் நம்மைச் சற்று வழிதவறச் செய்தது. மூலத்தில் உள்ள சொல் "ஹாயில்". வலிமை, வீரம், செல்வம் என்று பொருள்படும். அதே சொல் கிதியோனுக்கு வரும்போது நம் வேதாகமம் "பராக்கிரமசாலி" என்கிறது. போவாசுக்கு வரும்போது "ஆஸ்திக்காரன்" என்கிறது. பெண்ணுக்கு வரும்போது மட்டும் "குணசாலி" ஆகிவிடுகிறது. மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழும் நாம் சொற்களை இன்னும் கவனமாக எடைபோடலாம்.

அக்கவிதையின் பெண்ணுக்கு வேலைக்காரிகள் உண்டு. அவள் வயல் வாங்குகிறாள், இரத்தாம்பரம் உடுத்துகிறாள். செல்வக் குடும்பத்து மகனுக்குக் காட்டப்பட்ட சித்திரம் அது. ஒற்றை அறை வாடகை வீட்டில் இருட்டோடு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, கம்பெனி வேனைப் பிடிக்க ஓடும் நம் சகோதரியிடம் அதை நீட்டி, "இதில் உனக்கு எது குறைகிறது?" என்று கேட்பது எந்த நியாயம்? யூதக் குடும்பங்களில் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவில் கணவன் இக்கவிதையை மனைவிக்குப் புகழ்ச்சியாகப் பாடும் வழக்கம் உண்டு. நாமோ அதைக் குற்றப்பத்திரிகை ஆக்கினோம்.

"வேதவாக்கியங்களெல்லாம் அனைவருக்கும் பிரயோஜனமுள்ளவை அல்லவா, ஐயரே?" என்று கேட்பீர்கள். ஆம், பிரயோஜனமுள்ளவையே. ஆனால் மகனுக்கு வந்த கடிதத்தை மருமகளுக்கு வந்த கட்டளையாக வாசித்தால், மகன் தப்பித்துக்கொள்கிறான்.

மூலத்தில் அக்கவிதை முழுவதிலும் நேரடியான ஏவல் வினை ஒன்றே ஒன்றுதான். அது கடைசி வசனத்தில் இருக்கிறது. அவளை நோக்கியதும் அன்று. கேட்டுக்கொண்டிருப்பவர்களை நோக்கியது: அவளுடைய கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கும்படி. சகோதரரே, உங்கள் மனைவியின் சம்பளம் ஏறுகிற கணக்கின் ஏடிஎம் அட்டை இப்போது யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது?