தோட்டாக் கூடும் டப்பா மூடியும்

நமது சமையலறையில் ஒரே அளவென்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்த தகர டப்பாக்கள் ஆறு இருக்குமானால், அவற்றின் மூடிகள் பெரும்பாலும் இடம் மாறச் சம்மதிப்பதில்லை. இதன் மூடி அதற்கு இறுகும். அதன் மூடி இதற்குத் தளரும். பருப்பு டப்பா விஷயத்தில் இது வெறும் தொல்லையே. போர்க்களத்தில் ஒரு சிப்பாயின் துப்பாக்கிக்கு இது நேர்ந்தாலோ உயிருக்கே ஆபத்தாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் துப்பாக்கி என்பது கைத்தொழிலாளியின் படைப்பு. அவன் ஒவ்வோர் உறுப்பையும் அரத்தினால் ராவி, பக்கத்து உறுப்புடன் பொருத்துவான். முடிந்த துப்பாக்கி அழகாக இயங்கும். ஆனால் அதில் ஒரு வில் ஒடிந்தால், அடுத்த துப்பாக்கியின் வில் அதற்கு உதவாது. பிரெஞ்சு நாட்டில் ஹோனோரே பிளாங்க் என்பவர் இதற்குப் பரிகாரம் தேடினார். 1785-ல் அங்கே அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்ஸன், அவரிடம் சென்று, கைக்கு அகப்பட்ட உறுப்புக்களை எடுத்துத் தாமே விசைப் பூட்டுக்களைக் கூட்டிப் பார்த்து, அச்செய்தியைத் தம் நாட்டுக்கு எழுதினார்.

எண்ணம் தோன்றியது, கைகூடப் பல வருஷங்கள் சென்றன. 1854-ல் பிரிட்டிஷ் நிபுணர் குழுவொன்று அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலைக்குச் சென்றது. 1844 முதல் 1853 வரை வருஷத்துக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை அவர்கள் பொறுக்கி, கழற்றச் செய்து, உறுப்புக்களைக் கலந்துவிட்டனர். தொழிலாளி ஒருவன் திருப்புளி ஒன்றை மட்டும் கொண்டு பத்தையும் திரும்பக் கூட்டிவிட்டான்! பிறகு இங்கிலாந்தின் என்பீல்டு தொழிற்சாலைக்கு அமெரிக்க யந்திரங்கள் வந்ததில் வியப்பில்லை.

இதன் இரகசியம் யாது? எல்லா உறுப்புக்களும் அணுவளவும் பிசகாமல் ஒன்றுபோலிருந்தன என்று நேயர்கள் எண்ணக் கூடும். அது எந்த யந்திரத்துக்கும் இயலாத காரியம். எவ்வளவு பிசகலாம் என்பதற்கு முன்கூட்டியே எல்லை கட்டியதுதான் இரகசியம். பட்டறைக்காரர்கள் இதை 'டாலரன்ஸ்' என்பார்கள்.

உதாரணமாக, ஒரு முளையின் அளவு 10 மில்லிமீட்டர், அது நுழையும் துளை 10.1 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். இரண்டிலும் 0.05 கூடவோ குறையவோ அனுமதியுண்டு. மிகப் பருத்த முளையும் 10.05, மிகக் குறுகிய துளையும் 10.05. எனவே முளை இறுக்கமாகவேனும் நுழையும். மிக மெல்லிய முளைக்கும் மிக அகன்ற துளைக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். துளையைச் சோதிக்க இருமுனைக் கேஜ் ஒன்று போதும்: 10.05 முனை நுழைந்தேயாக வேண்டும், 10.15 முனை நுழையவே கூடாது. உழைத்து உழைத்து அந்தக் கேஜே தேய்ந்துவிடுமாகையால், அதைச் சோதிக்க வேறொரு மூலக் கேஜைப் பத்திரமாய் வைத்திருப்பார்கள்.

இனித் தோட்டாக் கூட்டுக்கு வருவோம். மாகஸீன் எனப்படும் இக்கூட்டின் உதடு, அதைப் பிடிக்கும் கொக்கி, அது நுழையும் வாய் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பிசகு உண்டு. அவையெல்லாம் ஒரே திசையில் சேர்ந்துவிட்டால், கூடு சற்றுத் தாழ்ந்து நிற்கும்; தோட்டாவைத் தள்ள வேண்டிய தண்டு அதன் தலைக்கு மேலாகச் சென்றுவிடும். சிப்பாய் விசையை இழுப்பான், வெடி வராது. ஆகையால் தனித்தனி எல்லைகள் மட்டும் போதா. அவற்றின் கூட்டுத்தொகையையும் கணக்கிட வேண்டும்.

வரைபடமே வேறானால் டாலரன்ஸும் கைகொடாது. பெல்ஜியத்தின் எப்.ஏ.எல். துப்பாக்கி 1950-களில் பல நாடுகளுக்குப் பரவியது. பிரிட்டன் அதை அங்குல அளவில் திருத்தி வரைந்து கொண்டது. அங்குலக் கூட்டின் முன்மூக்கு பெரிது. மெட்ரிக் கூட்டின் மூக்கு சிறிது. ஆதலால் மெட்ரிக் கூடு அங்குலத் துப்பாக்கியில் ஆடிக்கொண்டு நிற்கும். அங்குலக் கூடு மெட்ரிக் துப்பாக்கியில் நுழையவே நுழையாது. இரண்டும் தத்தம் எல்லைக்குள் குற்றமற்றவை. ஆயினும் நேசநாட்டுச் சிப்பாய் தன் தோழனுக்குக் கைமாற்றாகக் கொடுக்க உதவவில்லை.

நம் குழந்தைகளுக்கு "விடை பத்து" என்று எழுதக் கற்பிக்கிறோம். "பத்துக்கு எவ்வளவு கிட்ட?" என்று கேட்கவும் கற்பிப்போமாக. தொழில் வளர விரும்பும் தேசத்துக்கு இரண்டாவது கேள்வியே முக்கியமானது.